பல் அடைத்த அன்று எப்போது சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம்?

சொத்தைக் கடவாய்ப்பல்லை அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உடனே சாப்பிடலாம் என்கிறார் ஒருவர், ஒரு நாள் முழுக்கக் கஞ்சிதான் என்கிறார் இன்னொருவர், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவரவர் பல்லில் வைத்த பொருள் வேறு, அவ்வளவுதான்.

நான் பல் டாக்டர் இல்லை. மதுரை சிம்மக்கல் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து வருடத்தில் நான்கு பல் அடைத்திருக்கிறேன், அதில் மூன்று தடவை ஏதாவது ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

முதல் தடவை அடைத்துவிட்டு வெளியே வரும்போது மதியம் ஒன்றரை மணி. கீழ்த்தாடையில் மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள். "மரப்பு விட்ட பிறகு சாப்பிடுங்க" என்று டாக்டர் சொன்னது பசியில் காதில் ஏறவில்லை. நேராகக் கீழவாசல் பக்கம் ஒரு கடை, இரண்டு பரோட்டா, சால்னா. வலது பக்கம் அடைத்திருந்ததால் இடது பக்கமாகவே மென்றேன், ரொம்பப் புத்திசாலித்தனமாக. எதிரே உட்கார்ந்திருந்தவர், "அண்ணே, சட்டையில வழியுது" என்றார். உதட்டோரமாகச் சால்னா ஒழுகுவதே எனக்குத் தெரியவில்லை. துடைத்த தாளில் சிவப்பாக இருந்தது. அதையும் சால்னா என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், கீழுதட்டின் உட்பக்கத்தில் மொச்சைக்கொட்டை அகலத்துக்குக் கடித்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் மரப்பு விட்டதும் ஆரம்பித்தது எரிச்சல். ஒரு வாரம் காரம் பக்கமே போக முடியவில்லை. அடைத்த பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பாட்டுக்கு நன்றாக இருந்தது.

அதனால் சிமெண்ட் இறுகிவிட்டதா என்று கேட்பதற்கு முன்னால் உதட்டைத் தொட்டுப் பாருங்கள். இன்னொருவர் உதட்டைத் தொடுவது போல இருந்தால் சாப்பாடு வேண்டாம். மேல்பல் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும். கீழ்ப்பல்லுக்குத் தாடையின் உள்ளே போடும் ஊசி நான்கைந்து மணி நேரம்கூட இழுக்கும். அதுவரை சூடான டீயும் ஆகாது, வெந்துபோனால்கூடத் தெரியாது. ஊசியே போடாமல் சின்ன சொத்தையை அடைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். என் தங்கை மகனுக்கு அப்போது ஏழு வயது. உதடு மரத்தது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்கிறது, மிட்டாய் மாதிரி சப்பிக் கடித்தே வைத்துவிட்டான். மறுநாள் உதடு வீங்கி, நடுவில் வெள்ளையாக ஒரு படலம். சீழ் பிடித்துவிட்டது என்று எல்லோரும் பயந்தோம். அது புண் ஆறும்போது படிகிற படலம்தான், சுரண்டாமல் விடுங்கள் என்றார் டாக்டர். சில நாளில் சரியாகிவிட்டது.

இனி சிமெண்ட் கதைக்கு வருவோம். எல்லாவற்றையும் நாம் சிமெண்ட் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதில் பல ஜாதி. பல் நிறத்தில் வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்குவது காம்போசிட். நாற்காலியை விட்டு எழும்போதே அது கெட்டியாகிவிடும், மரப்பு விட்டதும் மெல்லலாம். முன்பல்லில் வைத்திருந்தால் மட்டும் முதல் ஒன்றிரண்டு நாள் மஞ்சள் தூக்கலான குழம்பு, கடும் காபி இரண்டையும் குறைத்துக்கொள்வது நல்லது, கறை பிடிக்கலாம். வெள்ளி நிறத்தில் அடைப்பது அமால்கம். எடையில் பாதி அளவு பாதரசம் கலந்த கலவை அது, இப்போது வழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. முழு பலம் பிடிக்க ஒரு நாள் ஆகும் என்பதால் மறுநாள் வரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. பொடியும் திரவமும் குழைத்து வைக்கிற கிளாஸ் அயனோமரும் அப்படித்தான். சில நிமிடத்தில் இறுகிவிடும், ஆனால் ஒரு நாள் போனால்தான் உறுதிப்படும். ஈரம் படாமல் இருக்க மேலே வாசலின் தடவி அனுப்புவார்கள். கடையில், பிசைந்து ஓட்டை அடைக்கிற எம்சீல் விற்கிற எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. கைக்குக் கல் மாதிரி இருப்பது வேறு, பாரம் தாங்குவது வேறு.

நான்காவதுதான் வம்பு பிடித்தது. ரூட் கெனால், அதாவது பல் வேருக்குள் சுத்தம் செய்கிற சிகிச்சை, நடக்கும்போது ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வைக்கிற தற்காலிக அடைப்பு. சில வகையில் கிராம்பு வாசம் அடிக்கும். அடுத்த தடவை டாக்டரே தோண்டி எடுக்க வேண்டும் என்பதால் மெத்தென்றுதான் வைப்பார்கள். கோவில்பட்டிக்குப் போய் வந்த நண்பர் கடலை மிட்டாய் கொடுத்தார், நானும் வாயில் போட்டேன். இரண்டாவது கடியிலேயே அடைப்பு மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்துவிட்டது. மேலாக ஒரு துணுக்கு தேய்ந்தால் பெரும்பாலும் பரவாயில்லை. முழுதாக வந்துவிட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள், எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்கி, செய்த வேலை வீணாகிவிடும்.

இன்னொன்று, கடி உயரம். மரத்த வாயோடு கடித்துப் பார்க்கச் சொல்லும்போது நாமும் "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிடுவோம். மறுநாள் இட்லியைக் கடித்தால்கூட அந்த ஒரு பல் மட்டும் முதலில் முட்டும். போகப் போகத் தேய்ந்துவிடும் என்று பத்து நாள் தாங்கினேன், அது என் மூன்றாவது தப்பு. அடிவாங்கி அடிவாங்கிப் பல்லே வலிக்க ஆரம்பித்துவிட்டது. போனபோது, கார்பன் தாள் போல ஒரு நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்லி, சாயம் அழுத்தமாகப் பட்ட இடத்தை லேசாக ராவி விட்டார். இரண்டு நிமிட வேலை.

குளிர்ச்சியாக ஏதாவது குடித்தால் சுருக்கென்று கூசுவது ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஜிகர்தண்டாவை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். ஆனால் கூச்சம் வந்து நிமிடக்கணக்கில் நின்றால், ராத்திரி வலி எழுப்பிவிட்டால், வீங்கினால், உடனே போய்க் காட்டுங்கள். என் அம்மா மாதிரி யாராவது கிராம்புத் தைலம் ஊற்றிவிட வந்தால் விடாதீர்கள், ஈறு வெந்துவிடும்.

முதல் நாள் சாப்பாட்டுக்கு மதுரையில் பஞ்சமே இல்லை. இந்த ஊரில் இட்லி கிடைக்காத நேரம் எது? இடியாப்பம், குழைந்த ரசம் சோறு, வெதுவெதுப்பாக ஆறிய பருத்திப்பால் எல்லாம் தாராளமாக ஆகும். காம்போசிட் என்றால் ராத்திரியே கறி தோசைகூடச் சாப்பிடலாம், மரப்பு விட்டிருந்தால். பெரிதாக அடைத்த பல்லில் மட்டும் நல்லி எலும்பு உடைப்பது, பொங்கல் கரும்பைக் கடித்து உரிப்பது, ஐஸ் கட்டியை நொறுக்குவது எல்லாம் எத்தனை மாதம் ஆனாலும் வேண்டாம். அடைப்பு தாங்கினாலும் அதைச் சுற்றி மெலிந்து நிற்கும் பல்லின் சுவர் தாங்காது.

என்ன வைத்தார்கள் என்று தெரியவில்லை என்றால் கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பைலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதுவரை இட்லி.