கேள்வி பதில்: ஹவாய் பெரிய தீவில் எரிமலையும் காப்பித் தோட்டமும்

ஹவாயின் பெரிய தீவில், கிழக்குக் கரையில் இருக்கும் ஹிலோவுக்குக் குடிவந்து பதினொரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்தும் அமெரிக்காவின் மற்ற மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்களை எரிமலைக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் அழைத்துப்போனதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெரிய தீவைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஹோட்டல், விமான டிக்கெட் விலையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஃப்ரீமான்ட்: கோனாவில் நான்கு நாள் தங்குகிறோம். எரிமலை, காப்பித் தோட்டம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

முடியும். ஆனால் காப்பி காலையில், எரிமலை இருட்டில் என்ற வரிசையில்தான். பலர் இதை மாற்றிச் செய்து இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

காரணம் சொல்கிறேன். கோனாவின் காப்பித் தோட்டங்கள் ஹுவலாலை, மௌனா லோவா என்ற இரண்டு எரிமலைகளின் மேற்குச் சரிவில் இருக்கின்றன. காலையில் நல்ல வெயில். மதியம் ஆனால் மேகம் வந்து மூடும், கோடையில் தூறலும் போடும். நம் ஏற்காட்டிலும் குடகிலும் காப்பிச் செடிக்கு நிழல் தர சில்வர் ஓக் நட்டு வளர்க்கிறோம். கோனாவில் அந்த வேலையைப் பெரும்பாலும் மேகமே செய்துவிடுகிறது. அதனால் தோட்டம் சுற்ற ஒன்பது மணி, பத்து மணி நல்ல நேரம்.

எரிமலைக்குப் பகலில் போனால் புகையும் கறுத்த பாறையும்தான் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு அதே குழி உள்ளிருந்து சிவக்கும்.

கோனாவிலிருந்து தெற்கே இறங்கும் 11-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே காப்பித் தோட்டங்கள் வரும். கேப்டன் குக் என்ற ஊர்ப்பக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதே சாலையில் போய்க்கொண்டே இருந்தால், கிலாவேயா எரிமலை இருக்கும் தேசியப் பூங்கா. மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். திரும்பி வரும்போதுதான் சிரமம். வளைவும் இருட்டுமான சாலை. பையன் தூங்கிவிடுவான், ஓட்டுகிறவருக்கும் கண் செருகும். நான்கு நாளில் ஒரு இரவை மட்டும் ஹிலோவிலோ பூங்காவை ஒட்டிய வால்கனோ கிராமத்திலோ வைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்: எந்தத் தேதியில் வந்தால் லாவா நிச்சயம் தெரியும்?

நிச்சயம் என்று யாராவது சொன்னால் அவரிடம் டிக்கெட் வாங்காதீர்கள்.

கிலாவேயாவின் உச்சிக் குழியான ஹலேமாஉமாஉவில் 2024 டிசம்பர் 23-ல் தொடங்கிய வெடிப்பு, விட்டுவிட்டு வருகிற வகை. சில மணி நேரமோ ஒரு நாளோ நெருப்புக் குழம்பு (அதுதான் லாவா) ஊற்று மாதிரிப் பீய்ச்சும். சில சமயம் 300 மீட்டரையும் தாண்டும். அப்புறம் நின்றுவிடும். சில நாளோ சில வாரமோ கழித்து மறுபடி வரும். இடைவேளையில் வாய்ப்பகுதி மட்டும் இரவில் கனன்றுகொண்டிருப்பது உண்டு. அதுவும் இல்லாத நாளும் உண்டு.

1912-லிருந்து இங்கே இயங்கிவரும் ஹவாய் எரிமலை ஆய்வுக்கூடம் தினமும் நிலவரம் வெளியிடுகிறது. குழியைக் காட்டும் நேரலைக் காமிராவும் உண்டு. அடுத்த ஊற்று எப்போது வரலாம் என்று ஒரு உத்தேசமும் தருவார்கள். கிளம்பும் அன்று காலை அதைப் பாருங்கள். எரிமலை நாளை மட்டும் கடைசிவரை தள்ளிவைத்துக்கொள்கிற மாதிரித் திட்டம் போடுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி: ஜூலை இரண்டாம் வாரம் லாவா தெரியுமா?

மேலே பார்க்கவும்.

சென்னை, அண்ணா நகர்: மகன் அழைத்துப்போகிறான். எனக்கு 68 வயது, முழங்கால் வலி. மனைவிக்கு ஆஸ்துமா. நாங்கள் போகலாமா?

ஐயா, முழங்காலுக்காகத் தயங்க வேண்டாம். குழியைப் பார்க்கும் மேடைகள் பலவற்றுக்குக் காரை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் போதும். பூமிக்குள் இருந்து நீராவி வரும் துவாரங்கள் வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கின்றன. மழைத்தண்ணீர் கீழே இறங்கிச் சுடுபாறையைத் தொட்டு ஆவியாகி வருகிறது. கைப்பிடி ஓரம் நின்றால் இட்லிப் பானை மூடியைத் திறந்தது போல முகத்தில் அடிக்கும். கிலாவேயா இக்கி நடைபாதைக்கு மட்டும் போகாதீர்கள். அது 5 கிலோமீட்டருக்கு மேல், 120 மீட்டர் இறங்கி ஏற வேண்டும்.

அம்மாவுக்குத்தான் யோசிக்க வேண்டும். எரிமலை கந்தக டை ஆக்சைடை விடுகிறது. அது காற்றோடு கலந்து மூட்டமாகப் பரவுவதை இங்கே வோக் என்பார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு இது விளையாட்டில்லை. சாதாரண முகக்கவசம் அந்த வாயுவைத் தடுக்காது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அன்றைய காற்றுத்தர அறிவிப்பைப் பார்த்த பிறகு போங்கள். தொண்டை கரகரத்தால், ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று நிற்காமல் உடனே காருக்குத் திரும்புங்கள். கோனாவில் காப்பித் தோட்டத்துக்குப் போகும் நாளிலும் மூட்டம் இருக்கலாம், காற்று அதை அந்தப் பக்கம்தான் அடிக்கடி தள்ளுகிறது.

இருவருக்கும் ஸ்வெட்டர் கட்டாயம். ஹவாய் என்றால் கடற்கரை என்று அரைக்கையோடு வருகிறார்கள். கிலாவேயாவின் உச்சி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் மழையும் காற்றும் சேர்ந்தால் கொடைக்கானல்தான்.

சியாட்டில்: ஹொனலுலுவில் தங்குகிறோம். ஒரே நாளில் பறந்து வந்து எரிமலை பார்த்துத் திரும்பலாமா?

ஹிலோவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்தான். ஆனால் மாலைக் கடைசி விமானத்தைப் பிடிக்க இருட்டும் முன்பே பூங்காவை விட்டுக் கிளம்ப வேண்டிவரும். பார்க்க வந்ததைப் பார்க்காமலே திரும்புவீர்கள். ஒரு இரவு தங்குங்கள்.

ஆஸ்டின்: மாவி தீவில் ஹலேயாகலா சூரிய உதயம் பற்றிச் சொல்லுங்கள்.

வேறு தீவு. உதயம் பார்க்க முன்பதிவு வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சிகாகோ: இங்கே சூப்பர் மார்க்கெட்டில் கோனா என்று பெரிதாகப் போட்ட பொட்டலம் வாங்கினேன். ஒன்றுமே தனியாகத் தெரியவில்லை. இதற்காகவா தோட்டம் பார்க்க அவ்வளவு தூரம் வருவது?

பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், "பிளெண்ட்" (கலப்பு) என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஹவாய் சட்டப்படி பத்து சதவீதம் கோனாக் கொட்டை இருந்தாலே கோனா பிளெண்ட் என்று விற்கலாம். மீதித் தொண்ணூறு எந்த நாட்டுக் கொட்டையாகவும் இருக்கலாம். இந்த மாநிலத்துக்கு வெளியே கோனா என்று விற்றதில் அந்தப் பத்துகூட இல்லை என்று 2019-ல் இங்குள்ள விவசாயிகள் கடைகள் மீதும் வறுத்து விற்கும் நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார்கள். சமரசத் தொகையாகவே நாலு கோடி டாலருக்கு மேல் வந்தது. 2024-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2027 ஜூலை 1 முதல் பிளெண்டில் 51 சதவீதம் இருந்தாக வேண்டும்.

"100 சதவீதம் கோனா" என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். தோட்டத்துக்கே வந்து வாங்கினால் இன்னும் நல்லது.

மயிலாப்பூர்: இதற்கு இவ்வளவு கோபமா? நம் ஃபில்டர் காப்பியில் நாற்பது சதவீதம் சிக்கரி போட்டுத்தான் குடிக்கிறோம். கலப்பில் என்ன தப்பு?

கலப்பில் தப்பே இல்லை அம்மா. நானும் 80-20 குடித்து வளர்ந்தவன்தான். நம் ஊர்க் கடையில் அரைக்கும்போதே "எத்தனை சிக்கரி?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். பொட்டலமாக வாங்கினாலும் எவ்வளவு காப்பி, எவ்வளவு சிக்கரி என்று அச்சடித்திருக்க வேண்டும். சிக்கரி கலந்ததில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. கோனாவுக்கு இப்போதுதான் கொண்டுவருகிற அதே 51. நம் கடைக்காரர் பத்து சதவீதம் காப்பியைப் போட்டு மீதியெல்லாம் சிக்கரியாக நிரப்பிக் காப்பித்தூள் என்று விற்றால் விடுவீர்களா?

கோயம்புத்தூர்: சிக்கரியைக் கலப்படம் மாதிரிப் பேசுகிறீர்கள். சிக்கரி இல்லாத டிகாக்ஷனுக்குத் திடமே வராது.

கலப்படம் என்று நான் சொல்லவில்லை. திடம் வேண்டும், நிறம் வேண்டும் என்று கேட்டு வாங்குவது நம் ருசி. நான் சொல்வது ஊர்ப் பெயரைப் பற்றி. கோனா என்ற பெயருக்குத்தான் அந்த விலை. பெயர் ஒருவருடையது, கொட்டை வேறொருவருடையது என்றால் நஷ்டம் செடி வைத்திருக்கிறவருக்கு.

ஏற்காடு: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காப்பித் தோட்டம். கோனா விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதலில் கூலி. இங்கே பெரிய எஸ்டேட்டுகள் குறைவு, பெரும்பாலும் ஐந்து ஏக்கருக்கும் குறைவான குடும்பத் தோட்டம். எரிமலைப் பாறைச் சரிவில் மெஷின் ஏறாது, பழம் முழுக்கக் கையால் பறிக்க வேண்டும். ஏழு பவுண்டு பழம் பறித்தால் வறுத்த கொட்டை ஒரு பவுண்டு கிடைக்கும். அதைப் பறிக்க அமெரிக்கக் கூலி. 2010-ல் காய்த்துளைப்பான் வண்டு வந்தது, 2020-ல் இலைத்துரு நோய் வந்தது. இரண்டுமே உங்களுக்குப் பழகிய எதிரிகள்தான்.

அப்புறம் சரித்திரம். 1828-ல் ஒரு கிறிஸ்தவ ஊழியர் கோனாவில் முதல் செடிகளை நட்டார். பெரிய தோட்டங்கள் நொடித்த பிறகு நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு எடுத்துக் காப்பாற்றியவர்கள் ஜப்பானியக் குடும்பங்கள். அறுவடைக்குப் பிள்ளைகளும் வேண்டும் என்று இந்தப் பகுதிப் பள்ளி விடுமுறையையே காப்பிப் பருவத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். 1960-களின் இறுதிவரை அது நடந்தது.

நீங்கள் வந்தால் கேப்டன் குக்கில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் உச்சிதா குடும்பத்தின் பழைய தோட்டத்தைப் பாருங்கள். ஹோஷிதானா என்று ஒரு உலர்களம். தண்டவாளத்தில் நகரும் கூரை. வெயிலடித்தால் கூரையைத் தள்ளிவிட்டுக் கொட்டையைக் காயவைப்பார்கள், தூறல் விழுந்தால் ஒரே இழுப்பில் மூடுவார்கள். மரப்பலகையால் கிளறும்போது தோல் காய்ந்த கொட்டை கலகலவென்று உருளும். களத்தில் நெல் துழாவுகிற சத்தத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் போட்ட செருப்பையும் துணியையும் நன்றாகத் துவைத்துவிட்டு வாருங்கள். பச்சைக் கொட்டை, விதை, நாற்று எதையும் பையில் வைக்காதீர்கள். இங்கே ஏற்கெனவே வந்த நோய்கள் போதும்.

சிக்கரியைப் பற்றி இன்னும் ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். எரிமலைக்குத் திரும்புவோம்.

ஹூஸ்டன்: ஹிலோவில்தான் அறை போட்டுவிட்டோம். காப்பிக்காகக் கோனா வரை போக வேண்டுமா?

வேண்டாம். பூங்காவைத் தாண்டி அரை மணி நேரம் தெற்கே போனால் பஹாலா. அது காஊ வட்டாரம். 1996-ல் கரும்பாலை மூடியதும் வேலையிழந்த தொழிலாளிகள் நிலம் பிடித்துக் காப்பி நட்டார்கள். அந்தக் காப்பி இன்று போட்டிகளில் பரிசு வாங்குகிறது. பெயர் பரவாததால் கோனாவைவிட விலையும் கொஞ்சம் குறைவு. என் வீட்டில் இதுதான். பக்கத்திலேயே புனலுஉ கறுப்பு மணல் கடற்கரை, ஆமைகள் கரையேறிப் படுத்திருக்கும். தள்ளி நின்று பாருங்கள், தொடக்கூடாது.

பாஸ்டன்: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பூங்காவுக்குள் நம்ப வேண்டாம். தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

டொராண்டோ: வேலிக்கு அப்பால் நின்று எடுத்த போட்டோக்கள் பார்த்தேன். அங்கே எப்படிப் போவது?

போகாதீர்கள் தம்பி. குழியின் விளிம்பு அடியில் அரித்துப்போய்த் தொங்குகிற இடங்கள் உண்டு, மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. 2018-ல் அந்தக் குழியின் தரையே சுமார் 500 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அதே வெடிப்பில் கிழக்கே எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீடும் அதில் ஒன்று. சாவிக்கொத்தை மட்டும் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ஃபீனிக்ஸ்: டிரோனுக்கு அனுமதி உண்டா? வேலிப்பக்கம் கூட்டமில்லாத இடம் எது?

டிரோனுக்குத் தேசியப் பூங்காவில் தடை. வேலியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

சாக்ரமென்டோ: ஊற்று நடந்த மறுநாள் காரின் கண்ணாடியில் தங்க நிறத்தில் முடி மாதிரி ஒட்டியிருந்தது. என்ன அது?

பெலேயின் கூந்தல். ஹவாய் மக்களுக்குப் பெலே எரிமலைத் தெய்வம். லாவா காற்றில் தெறிக்கும்போது நூலாக இழுபட்டு உறைந்த கண்ணாடி இழை அது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜரிகை மாதிரி மின்னும். விரலில் உருட்டினால் ஒடிந்து தோலுக்குள் ஏறும். வைப்பரைப் போடாதீர்கள், கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். குழந்தைகள் கண்ணைக் கசக்கவிடாதீர்கள்.

மதுரை: அம்மாவும் வருகிறார். குழியைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைக்க வேண்டும் என்கிறார். ஞாபகத்துக்கு ஒரு கல்லும் கேட்கிறார்.

அம்மாவின் மனது புரிகிறது. திருவண்ணாமலையில் மலையையே அக்னியாகக் கும்பிடுகிறவர்கள் நாம். ஹலேமாஉமாஉ பெலேயின் வீடு என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அவர்கள் வீட்டில் அவர்கள் முறை இருக்கிறது, நாம் நெருப்பும் தேங்காயும் வைக்கக் கூடாது. கைகூப்பி நிற்கட்டும், அதை யாரும் தடுக்க மாட்டார்கள். கல் எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்துப்போனவர்கள் மனது கேட்காமல் தபாலில் திருப்பி அனுப்பும் கற்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. காஊ காப்பி ஒரு பவுண்டு வாங்கிக் கொடுங்கள், அதுவும் அந்த மண்ணில் விளைந்ததுதான்.

அட்லாண்டா: நாளை ஹிலோவில் இறங்குகிறோம். கையில் ஒரே நாள்தான். நேரம் போட்டுக் கொடுங்கள்.

காலையில் ஆய்வுக்கூட நிலவரம் பாருங்கள். ஹிலோவிலேயே பெட்ரோல் நிரப்புங்கள், பூங்காவுக்குள் பங்க் கிடையாது. ஒன்பதுக்குக் கிளம்பிப் பூங்காவைத் தாண்டி நேராகப் பஹாலா, பத்தரை மணிக்குக் காப்பி. முதல் கோப்பையைப் பால் சேர்க்காமல் குடியுங்கள். மதியம் புனலுஉ. மூன்று மணிக்குப் பூங்கா, காருக்கு 30 டாலர், கார்டில்தான் கட்ட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே நீராவித் துவாரங்களையும் லாவாக் குகையையும் முடித்துவிட்டு, அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே குழி மேடைக்குப் போய்விடுங்கள். நன்றாக இருட்டிய பிறகும் அரை மணி நேரம் இருங்கள். டார்ச், ரெயின்கோட், ஸ்வெட்டர் மூன்றும் பெட்டிக்குள் வேண்டாம், கையில் இருக்கட்டும்.