போர்வெல் தண்ணீரில் யுரேனியம்: யுவி வடிகட்டி போதுமா?

கேள்வி: மன்னார்குடி அருகே எங்கள் வீட்டு போர்த் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 42 மைக்ரோகிராம் யுரேனியம் என்று வந்தது. கதிர்வீச்சு தண்ணீரையே உடைத்து யுரேனியத்தை இன்னும் கரைய வைக்கும் என்று மகன் எங்கோ படித்திருக்கிறான். தொட்டியில் தேக்கி வைத்தால் அளவு கூடுமா? வீட்டில் இருக்கும் யுவி வடிகட்டி போதுமா?

பதில்: மகன் படித்தது சரிதான், ஆனால் அது நடக்கிற இடம் வேறு. அணு உலையில் எரித்து முடித்த எரிபொருள் மிகக் கடுமையாகக் கதிர் வீசும். அதைத் தொடும் தண்ணீரின் மூலக்கூறுகள் உடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். எரிபொருளில் யுரேனியம் பெரும்பாலும் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் (அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்தது என்ற கணக்கு) இருக்கிறது. அந்த நிலையில் அது லேசில் கரையாது. பெராக்சைடு அதை ஆறாம் நிலைக்கு ஏற்றிவிட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து, மின்னூட்டம் கொண்ட யுரனைல் அயனியாகிக் கரைந்துவிடும். பெராக்சைடு மிகுந்தால் அதுவும் யுரனைலும் சேர்ந்து ஸ்டுடைட் என்ற மஞ்சள் கனிமமாகப் படிவதும் உண்டு.

உங்கள் தொட்டிக்கு வருவோம். 42 மைக்ரோகிராமில் ஏறக்குறைய ஆயிரம் கோடி கோடி யுரேனியம் அணுக்கள் இருக்கும். அத்தனையிலும் சராசரியாக இரண்டு நொடிக்கு ஒரு யுரேனியம்-238 (இயற்கை யுரேனியத்தில் மிகுதியாக இருக்கும் வகை) அணுதான் சிதைந்து கதிர் வீசுகிறது. ஒரு சிதைவில் சில பத்தாயிரம் பெராக்சைடு மூலக்கூறுகள் பிறந்தாலும் அந்தக் கூட்டத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. தவிர, கரைந்திருக்கும் யுரேனியம் ஏற்கெனவே ஆறாம் நிலைக்கு வந்ததுதான். தேக்கி வைப்பதால் அளவு கூடாது.

நிலத்தடியில் அதைக் கரைப்பவை ஆக்சிஜனும், பைகார்பனேட்டும், வயலில் போடும் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும். டெல்டாவில் பல போர்களில் இறைத்த தண்ணீர் வாளியில் சற்று நேரம் நின்றாலே செம்மண் நிறம் ஏறுமே, அது ஆக்சிஜன் இரும்பிடம் காட்டும் வேலை. யுரேனியத்தையும் அது ஆறாம் நிலைக்கு மாற்றும். பைகார்பனேட் அப்படி மாறியதைப் பற்றிக்கொண்டு கரைசலிலேயே நிறுத்தி வைக்கும். அதனால் செம்படிவு அடியில் தங்கியதும் யுரேனியமும் போய்விட்டது என்று நம்பாதீர்கள்.

யுவி விளக்கு கிருமியைக் கொல்லும், உலோகத்தை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், யுரேனியம் தங்கும், செறிவு கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. (தண்ணீரை அழுத்தி நுண்சவ்வு வழியே வடிக்கும் கருவி) வையுங்கள், அது பெரும்பகுதியை நீக்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 30 மைக்ரோகிராம். நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை ஏற்கிறது. இந்த அளவில் முதல் கவலை கதிர்வீச்சு அல்ல, சிறுநீரகம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் 30-ஐயே வரம்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆர்.ஓ. பொருத்திய பிறகு, அதிலிருந்து வரும் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொடுத்து யுரேனியம், நைட்ரேட் இரண்டையும் பாருங்கள். கழிவுக் குழாயில் வருவதில் யுரேனியம் செறிந்திருக்கும். அதைச் சமையலுக்கோ மாட்டுக்கோ வைக்காமல் கழிவறைக்கு விடுங்கள். குளிக்க, துவைக்க போர்த் தண்ணீரே போதும்.