கை மறக்கவில்லை, மாவுதான் வேறு
வாசகர் கேள்வி–பதில்

ஊரில் எப்போதோ விட்டுப்போன பேக்கிங்கை வெளியூர், வெளிநாட்டு அடுப்படிகளில் மறுபடி தொட்டுப் பார்க்கிறவர்களின் கடிதங்கள் இந்த முறை அதிகம். அவற்றில் சில.

கல்லூரி நாட்களில் கேக், பன் என்று விடாமல் செய்வேன். வேலைக்குப் போனதும் விட்டுப்போனது. இப்போது படிப்புக்காக ஜெர்மனி வந்திருக்கிறேன். அறையில் நல்ல ஓவன் இருப்பதைப் பார்த்ததும் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. மில்க்மெய்டு ஊற்றிச் செய்யும் முட்டையில்லா கேக்கை மூன்று முறை முயன்றேன். ஒருமுறை இனிப்பே இல்லை. இரண்டுமுறை வெளியே கறுத்து, உள்ளே பிசுபிசு. எங்கே தப்பு?
– வாசகி, ஸ்டுட்கார்ட்

இரண்டு தப்பும் வேறு வேறு. இனிப்பில்லாமல் போனதற்குக் காரணம் டின். அங்கே 'கொண்டென்ஸ்மில்ஷ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது காபிக்கு ஊற்றும் கெட்டிப்பால், சர்க்கரை சேர்க்காதது. 'கெட்சுக்கர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'மில்ஷ்மெட்ஷென்' என்ற பெயரில் கிடைப்பது நம் மில்க்மெய்டேதான், பெயருக்கு அர்த்தமும் அதுவே. இந்த கேக்குக்கு வேறு சர்க்கரை கிடையாது என்பதால் டின் மாறினால் எல்லாமே மாறிவிடும்.

கறுத்துப்போனதற்கு விசிறியைச் சந்தேகப்படுகிறோம். ஓவன் திருகில் விசிறிப் படம் இருந்தால் அது 'உம்லுஃப்ட்', சூடான காற்றைச் சுழற்றும் முறை. மேலும் கீழும் ஒவ்வொரு கோடு போட்ட படம்தான் நம் ஊர்க் குறிப்புகள் மனதில் வைத்திருக்கும் மேல்-கீழ்ச் சூடு. விசிறியில் வைத்தால் 20 டிகிரி குறைக்க வேண்டும். 180 என்றால் 160. கெட்டிப்பால் கேக்கில் பால் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் அது மற்ற கேக்குகளைவிடச் சீக்கிரம் சிவந்துவிடும். மேல் ஓடு இறுகிவிட்டதைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்திருப்பீர்கள்.

அளவு: மாவு 240 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், இனிப்புக் கெட்டிப்பால் 400 கிராம், பால் 180 மி.லி., வினிகர் 1 டேபிள்ஸ்பூன். பாலில் வினிகரைக் கலந்து ஐந்து நிமிடம் திரிய விடுங்கள். இது சோடாவுக்காக. புளிப்பு இல்லாவிட்டால் சோடா முழுதாக வேலை செய்யாது, கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். உருக்கிய வெண்ணெயையும் கெட்டிப்பாலையும் அடித்துக்கொண்டு, சலித்த மாவையும் பாலையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, மாவு மறைந்ததும் கரண்டியைக் கீழே வையுங்கள். அதற்கு மேல் கலக்கினால் ரப்பர். 22 செ.மீ. வட்டத் தட்டில், மேல்-கீழ்ச் சூடு 170 டிகிரியில், நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே, 40 முதல் 50 நிமிடம். அரை மணியில் நிறம் ஏறிவிட்டால் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். தட்டு கறுப்பு நிறமென்றால் இன்னும் 10 டிகிரி குறையுங்கள்.

மாவுப் பையில் இருக்கும் எண், 100 கிராம் மாவில் எத்தனை மில்லிகிராம் தாதுச் சாம்பல் மிஞ்சும் என்ற கணக்கு. 405 நம் மைதாவுக்குப் பக்கம், கேக்குக்கு அது. பன்னுக்கும் ரொட்டிக்கும் 550. 1050 வாங்கி கேக் செய்தால் நிறமும் கனமும் கோதுமை மாவுப் பக்கம் போய்விடும். பேக்கிங் பவுடர் சின்னப் பொட்டலமாக வரும்; ஒரு பொட்டலம் 500 கிராம் மாவுக்கு என்பது அங்குள்ள வழக்கம். ஆகவே இந்த அளவுக்குப் பாதிப் பொட்டலம். சமையல் சோடாவை 'நாட்ரோன்' என்று கேளுங்கள். பன்னிலும் இறங்குவதாக இருந்தால், 42 கிராம் பச்சை ஈஸ்ட் கட்டி ஒரு கிலோ மாவுக்கு. 7 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் அரைக் கிலோவுக்கு.

சென்னையில் தவறாமல் வந்த பட்டர் கேக், டென்வருக்கு வந்தபின் ஓவனுக்குள் நன்றாகப் பொங்கி, எடுப்பதற்குள் நடுவில் குழி விழுகிறது. ஓரம் வறட்சி. ஓவனை மாற்றியும் பயனில்லை.
– வாசகர், டென்வர்

ஓவனைக் குறை சொல்லாதீர்கள். டென்வர் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மாவுக்குள் இருக்கும் வாயுவை அமுக்கிப்பிடிக்க ஆள் இல்லாததால் அது வேகமாக விரிகிறது. முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்குள் குமிழ்கள் பெரிதாகி உடைகின்றன. அதுதான் குழி. ஈரம் சீக்கிரம் ஆவியாவதால் மிச்சக் கலவையில் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. சர்க்கரை கூடினால் கேக் இறுகுவது இன்னும் தாமதமாகும். ஒன்றுக்கொன்று கைகொடுத்துக் கெடுக்கும் விஷயங்கள் இவை. ஊட்டிக்காரர்களுக்கு இது புதிதில்லை, அவர்கள் இன்னும் உயரத்தில் இருக்கிறார்கள்.

வெண்ணெய், சர்க்கரை, மைதா தலா 200 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன் என்பது உங்கள் அளவாக இருந்தால் இப்படி மாற்றுங்கள்: சர்க்கரை 180 கிராம், மாவு 215 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், கூடுதலாகப் பால் 2 அல்லது 3 டேபிள்ஸ்பூன். ஓவன் 350 ஃபாரன்ஹீட் என்றிருந்தால் 365 முதல் 375. சீக்கிரம் இறுக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சூடு. 40 நிமிடக் கேக்கை 32 ஆவது நிமிடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். வெண்ணெயையும் சர்க்கரையும் வெளுத்துப் பஞ்சாகும்வரை அடிக்கும் பழக்கத்தையும் சற்று அடக்குங்கள். அங்கே கூடுதல் காற்று உதவி இல்லை, உபத்திரவம். இத்தனையும் ஒரே நாளில் செய்ய மனமில்லையென்றால் பேக்கிங் பவுடரில் தொடங்குங்கள். பாதிக் குழி அதிலேயே சரியாகும்.

அமெரிக்கக் குறிப்பைக் கப்பில் அளக்கிறீர்களா? மாவுப் பைக்குள் கப்பை விட்டு அள்ளினால் 140 கிராமுக்கு மேல் ஏறும். ஸ்பூனால் அள்ளிப் போட்டு, மேலே வழித்தால் 120 முதல் 125. ஒரு தராசு வாங்கிவிடுங்கள். வெண்ணெய்க் கட்டி ஒன்று, அவர்கள் 'ஸ்டிக்' என்பது, 113 கிராம்.

தூத்துக்குடி மக்ரூன் செய்ய ஆசை. சின்ன மேசை ஓவன்தான் இருக்கிறது. உச்சி பழுப்பாகிறது, மறுநாள் சவசவ என்று ஆகிறது.
– வாசகி, சிங்கப்பூர்

மக்ரூன் வேகுவதைவிடக் காய்வதுதான் அதிகம். முட்டையை எண்ணாமல் வெள்ளையை நிறுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளைக்கரு 100 கிராம், நைஸாகப் பொடித்த சர்க்கரை 180, முந்திரி 200.

முந்திரியை அரைமணி ஃப்ரீசரில் வைத்து, மிக்ஸியை விட்டுவிட்டுச் சுற்றி, ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். ஒரு சுற்று கூடினாலும் எண்ணெய் கசியும். விரலால் அழுத்தினால் கட்டிபிடிக்கிறது என்றால் அந்தப் பொடி வேண்டாம். எண்ணெய் பட்ட நுரை நிற்காது. மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலும் அதே கதி. வெள்ளையை மென்நுரை வரும்வரை அடித்து, சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து, கிண்ணத்தைக் கவிழ்த்தால் விழாத பளபளப்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மிக்ஸரை ஓரம் வைத்துவிட்டு, முந்திரிப் பொடியை மூன்று தடவையாகத் தூவி மடித்துக் கலக்குங்கள். காகிதத் தாளில் கூம்பாகப் பிழிந்து, 110 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் ஓவன் ஆறும்வரை உள்ளேயே விடுங்கள். கடை மக்ரூனின் மொறுமொறுப்பு இந்த ஆறும் நேரத்தில் வருவது.

மேசை ஓவனில் திருகு 110 காட்டினாலும் உள்ளே 130 இருக்கலாம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று போதும், பிரச்சினை தெரிந்துவிடும். உச்சி சிவப்பது மேல் கம்பிக்கு அருகில் இருப்பதால். அடித்தட்டுக்கு இறக்குங்கள், மேல் கம்பியை மட்டும் அணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சவசவப்புக்கு உங்கள் ஊர்க் காற்றே காரணம்: சர்க்கரை ஈரத்தை இழுக்கும். முழுதாக ஆறிய நிமிடமே இறுக்கமான டப்பாவில் போடுங்கள். இளகிவிட்டால் 100 டிகிரியில் 15 நிமிடம் மறுபடி வைத்தால் மீளும். மழை கொட்டும் நாளில் தொடங்கவே வேண்டாம்.

மூன்று மாத வேலைக்கு ஒசாகா வந்திருக்கிறேன். அறையில் ரைஸ் குக்கர் மட்டும். ஏதாவது வழி உண்டா?
– வாசகர், ஒசாகா

உண்டு. ஜப்பானிய ரைஸ் குக்கர்கள் பலவற்றில் 'கேக்கி' என்ற பொத்தானே இருக்கும். கடையில் 'ஹாட்கேக் மிக்ஸ்' கிடைக்கும். அது 200 கிராம், முட்டை 2, பால் 120 மி.லி., சர்க்கரை 40 கிராம், உருக்கிய வெண்ணெய் 40 கிராம். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, பாதிக்குக் கீழே இருக்கும்படி ஊற்றுங்கள். கேக் பொத்தான் இல்லாவிட்டால் அது சீக்கிரமே 'சூடு காக்கும்' நிலைக்குத் தாவும், அடிப்பக்கம் சூடேறியதும் சோறு வெந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் விட்டு மறுபடி அமுக்குங்கள். மொத்தம் 45 நிமிடம் ஆகும். மேற்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், கவிழ்த்துப் பரிமாறுங்கள். மாவு தனியாக வாங்கினால் கேக்குக்கு 'ஹகுரிகிகோ', ரொட்டிக்கு 'கியோரிகிகோ'.

மெல்பர்னில் வாங்கிய ஸ்பூன் செட்டில் அளந்தால் எங்கள் பழைய குறிப்புகள் எல்லாம் வழிய வழிய வருகின்றன.
– வாசகி, மெல்பர்ன்

ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மி.லி., நம் குறிப்புகளில் 15. டீஸ்பூன் இரண்டிலும் 5 தான். ஆகவே டேபிள்ஸ்பூனை ஒதுக்கிவிட்டு, ஒன்றுக்கு மூன்று டீஸ்பூனாக அளந்துகொள்ளுங்கள்.