வேர்ச்சொல் வழியே ஆங்கிலம்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு தாலுகாப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது பற்றி எங்கள் ஊர் வாசகசாலைக்கு வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சொற்களைப் பற்றி மட்டுமே பேசுவேன். எந்தப் பயிற்சி நிலையத்தில் சேரலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்: பயிற்சி விண்ணப்பத்தில் 'ஏப்பிகல்ச்சர்', 'ஏப்பியரி' என்று இருந்தது. தேனீக்கு 'பீ' என்பதுதான் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லே அதில் இல்லையே, டீச்சர்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் அலுவலகச் சொல் ஒன்றும் இருக்கும். வீட்டுச் சொல் அந்த மண்ணில் பழைய காலத்திலிருந்து புழங்குவது: பீ, ஃபிஷ், டூத், மூன். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்தது. படிப்புக்கு லத்தீன் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் பல்லுக்கு 'டூத்', பல் மருத்துவருக்கு 'டென்டிஸ்ட்'. நிலவுக்கு 'மூன்', நிலவு சார்ந்ததற்கு 'லூனார்'.

லத்தீனில் 'ஏப்பிஸ்' என்றால் தேனீ. 'கல்ச்சர்' என்பது உழுதல், பேணுதல் என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வருகிறது. இந்தக் 'கல்ச்சர்' குடும்பம் முழுவதும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயல் 'அக்ரிகல்ச்சர்', ஏனெனில் 'அக்ரி' என்றால் வயல். தோவாளைப் பூ 'ஃப்ளோரிகல்ச்சர்'. குளத்தில் மீன் வளர்த்தால் 'பிசிகல்ச்சர்'. வாழையும் பழமரங்களும் 'ஹார்ட்டிகல்ச்சர்', அதாவது தோட்டம். காடு வளர்ப்பது 'சில்விகல்ச்சர்'. 'ஏப்பியரி'யில் உள்ள கடைசித் துண்டு இடத்தைக் குறிக்கும்: பறவைகள் இருக்குமிடம் 'ஏவியரி', தானியம் இருக்குமிடம் 'கிரேனரி', புத்தகம் இருக்குமிடம் 'லைப்ரரி'. உங்கள் தேனீப் பெட்டிகளை ரப்பர் தோட்டத்தில் வரிசையாக வைத்திருக்கிறீர்களே, அந்த இடம்தான் ஏப்பியரி.

ஓர் எச்சரிக்கை. 'ஏப்' என்றால் வாலில்லாக் குரங்கு. அதற்கும் தேனீக்கும் எந்த உறவும் இல்லை. வேரை வைத்து ஊகியுங்கள், பிறகு அகராதியைத் திறந்து சரிபாருங்கள்.

செவிலியர் மாணவி, குலசேகரம்: மருத்துவச் சொற்கள் மனத்தில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. தேர்வு நெருங்குகிறது.

பதில்: மக்களே, உனக்குத்தான் வேர்ச்சொல் மிகுதியாக உதவும். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத் துண்டுகளைக் கோத்துச் செய்தவை. சொல்லைப் பின்னாலிருந்து படி. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில், ஆர்த்ரைட்டிஸ் மூட்டில், ஹெப்பட்டைட்டிஸ் கல்லீரலில். 'ஈமியா' என்று முடிந்தால் இரத்தம் பற்றிய சேதி. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது, 'ஆஸ்டமி' என்றால் வாய் போல ஒரு திறப்பை அமைப்பது. இந்த மூன்றில் ஒன்றை மாற்றி எழுதினால் நோயாளியின் கதையே மாறிவிடும்.

அதைவிட ஆபத்தானது 'ஹைப்பர்', 'ஹைப்போ'. முன்னது மிகுதி, பின்னது குறைவு. ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது. ஹைப்போகிளைசீமியா என்றால் இறங்கியிருக்கிறது. வார்டில் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது காது ஏமாறும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேள், வெட்கப்படாதே.

இன்னொரு இடமும் உண்டு. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் 'ஆன்டிநேட்டல்' கிளினிக்கையும் 'ஆன்டிபயாட்டிக்' மருந்தையும் தமிழில் எழுதினால் முன்பாதி ஒன்றுபோல் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்காவது எழுத்தைப் பார். 'ஈ' என்றால் முன்னால், அதாவது பிரசவத்துக்கு முன். 'ஐ' என்றால் எதிர்.

'அனீமியா'வை வெட்டினால் 'இரத்தம் இல்லை' என்று வரும். இரத்தமே இல்லாமல் யாரும் இருக்க முடியாது. ஹீமோகுளோபின் குறைவு என்பதுதான் பொருள். மறுபடியும் சொல்கிறேன்: ஊகித்த பிறகு அகராதி.

போட்டித் தேர்வு எழுதுபவர், நாகர்கோவில்: ஐந்நூறு வேர்ச்சொற்களும் அவற்றின் பொருளும் கொண்ட பட்டியல் கிடைக்குமா?

பதில்: தரமாட்டேன். பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்கு வேர் நினைவிருக்கும், சொல் வராது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள். ரயில் நிலையத்துப் 'போர்ட்டர்' சுமப்பவர். அந்தப் 'போர்ட்' என்ற துண்டுதான் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட், சப்போர்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கல்லூரி மாணவர், தக்கலை: ஒரு நாளைக்கு எத்தனை சொல் படிக்க வேண்டும்?

பதில்: அன்று நீங்களே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க முடிகிற அளவு.

லாரி ஓட்டுநர், ஆரல்வாய்மொழி: டேங்கர் லாரிகளில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. 'இன்' என்றால் இல்லை என்று மகன் பள்ளியில் படித்திருக்கிறான். அப்படியானால் தீப்பிடிக்காது என்றா பொருள்?

பதில்: இல்லவே இல்லை. எளிதில் தீப்பற்றும் என்று பொருள். லத்தீனில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'இல்லை', மற்றொன்று 'உள்ளே'. இங்கே வருவது இரண்டாவது: தீயை உள்ளே மூட்டுவது. இந்தக் குழப்பத்தால் உயிர் போகும் என்று அஞ்சித்தான் 20ஆம் நூற்றாண்டில் 'ஃப்ளேமபிள்' என்று எழுதும் வழக்கத்தைப் பரப்பினார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்களும் அந்த லாரியின் பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி, இரணியல்: 'இல்லை' என்பதற்கு ஒரு சொல்லில் 'இன்', மற்றொன்றில் 'இம்', வேறொன்றில் 'இல்', 'இர்' என்று வருகிறது. எப்படி நினைவில் வைப்பது?

பதில்: நினைவில் வைக்க வேண்டாம், புணர்ச்சி உனக்குத் தெரியும். செந்தமிழ், செங்கோல், செம்பருத்தி என்று சொல்லிப் பார். அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப மெல்லெழுத்து மாறுகிறது. அதே வேலைதான் அங்கேயும். 'பாசிபிள்' என்று பகரம் வந்தால் 'இம்பாசிபிள்'. 'லீகல்' வந்தால் 'இல்லீகல்', 'ரெகுலர்' வந்தால் 'இர்ரெகுலர்'. ஆனால் 'அன்' மட்டும் அசையாது: அன்பாப்புலர், அன்ரியல். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. லத்தீன் விதி அதைக் கட்டுப்படுத்தாது.

பள்ளி ஆசிரியர், முட்டம்: 'கேட்டா' என்ற கிரேக்க முன்னொட்டுக்குக் கேட்டலாக், கேட்டராக்ட், கேட்டமரான் என்று மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். சரிதானா?

பதில்: முதல் இரண்டும் சரி. மூன்றாவதை அடித்துவிடுங்கள். முட்டத்துப் பிள்ளைகள் இதை எழுதலாமா? கேட்டமரான் நம் கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதைக் கரையில் பார்த்தவர்களுக்குக் கிரேக்கம் எதற்கு? சோழமண்டலக் கரையில் அதைப் பார்த்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயணநூலில் அந்தப் பெயரோடே எழுதியிருக்கிறார். பின்னாளில் ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

ஓய்வுபெற்ற அலுவலர், கொட்டாரம்: கட்டுமரத்தோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான். 'ஒன்று' என்பதுதான் 'ஒன்'. லத்தீன், கிரேக்கம் என்று சொல்லி நம் பிள்ளைகளைத் திசைதிருப்புகிறீர்கள்.

பதில்: ஐயா, தமிழ்மீது உங்களுக்குள்ள பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் மறுக்கிறேன். அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் 'ஒன்'. வாயில் வருவது 'வன்'. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மனில் இன்றும் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. 'அலோன்' என்பது 'ஆல்', 'ஒன்' இரண்டும் சேர்ந்தது. 'ஓன்லி'யிலும் அதே ஒன்று இருக்கிறது. இவை வேறொரு குடும்பத்துப் பிள்ளைகள். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. பொருள் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது, யார் கொண்டுபோனார்கள், எந்த ஆண்டில் எழுதினார்கள் என்று கேட்க வேண்டும். 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் அப்படிச் சான்றோடு நம் சொற்கள் இருக்கின்றன. சுருட்டு 'செரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டாணி' ஆனது. கயிறு 'காயர்', தேக்கு 'டீக்', கொப்பரை 'கோப்ரா', நாம் சக்கை என்று சொல்லும் பலா 'ஜாக்'.

வழக்கறிஞர், குழித்துறை: காயர், டீக், ஜாக் எல்லாம் மலையாளத்திலிருந்து போனவை என்றுதானே அகராதிகள் சொல்கின்றன? அவற்றை எப்படித் தமிழ்க் கணக்கில் எழுதுகிறீர்கள்?

பதில்: அகராதி சொல்வது சரி. இவற்றை வாங்கிச் சென்றவர்கள் மலபார்க் கரையில் இறங்கியவர்கள். டீக், ஜாக் இரண்டும் போர்ச்சுகீசியர் வாய்வழியே ஆங்கிலத்துக்குப் போயின. ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில் இருந்த மாவட்டம் இது. சக்கை நம் வீட்டுச் சொல், கயிறு இரண்டு மொழிக்கும் பொது. ஆகவே 'நம் சொற்கள்' என்றேன். தமிழுக்கு மட்டும் என்று சொல்லவில்லை.

கொட்டாரம், மீண்டும்: மழுப்புகிறீர்கள்.

பதில்: சான்று காட்டினேன், ஐயா. நீங்களும் ஒரு சான்று காட்டுங்கள், மேலே பேசலாம். இதே கருத்தில் வந்த மற்ற கடிதங்களுக்கும் இதுதான் பதில்.

பட்டயப் படிப்பு மாணவர், மணவாளக்குறிச்சி: எங்கள் மணலில் உள்ள 'மோனசைட்' என்ற சொல்லைப் பிரிக்க முடியுமா?

பதில்: முடியும். 'மோனோ' என்றால் தனி. இதன் படிகங்கள் தனித்தனியாகக் கிடைத்ததால் 1829இல் அந்தப் பெயரை வைத்தார்கள். 'ஐட்' என்பது கனிமங்களுக்கு வரும் வால். பென்சிலுக்குள் இருக்கும் 'கிராஃபைட்' எழுதும் கல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், உங்கள் ஊரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். கூடவே கிடைக்கும் 'இல்மனைட்' என்பதை மட்டும் வெட்டிப் பொருள் தேடாதீர்கள். இல்மன் என்பது ரஷ்யாவில் உள்ள மலையின் பெயர்.

வேலை தேடுபவர், திங்கள்சந்தை: வேர்ச்சொல் பட்டியல் தரமுடியுமா?

பதில்: நாகர்கோவில்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதையே கேட்ட மற்றவர்களும் படியுங்கள்.

மீன் ஏற்றுமதி நிறுவன ஊழியர், குளச்சல்: 'போஸ்ட்போன்' எனக்குத் தெரியும். தொலைபேசியில் வாங்குபவர் 'புட் ஆஃப்' என்றார், விளங்கவில்லை. சரக்கே வேண்டாம் என்கிறாரோ என்று பதறிவிட்டேன்.

பதில்: இரண்டும் ஒன்றுதான். 'போஸ்ட்' என்றால் பின்னால், 'போன்' என்றால் வைப்பது. ஆங்கிலேயர் கடிதத்தில் 'போஸ்ட்போன்' எழுதுவார், பேச்சில் 'புட் ஆஃப்' என்பார். 'எக்ஸ்டிங்விஷ்' என்பதற்குப் 'புட் அவுட்', 'டாலரேட்' என்பதற்குப் 'புட் அப் வித்' என்று பேச்சுச் சொல் இருக்கிறது. நம் ஊரில் பெரிய சொல்லைக் கற்றுக்கொண்டு சின்னச் சொல்லை விட்டுவிடுகிறார்கள். நோட்டில் ஒரு பக்கம் அலுவலகச் சொல், எதிர்ப்பக்கம் வீட்டுச் சொல் என்று ஜோடியாக எழுதுங்கள். உங்கள் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். புதிய தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.