மாவு, மசாலா, குழந்தைக் கஞ்சி எல்லாம் வீட்டிலேயே செய்தால் உண்மையில் பணம் மிச்சமாகுமா, நேரம்தான் வீணா?

மிச்சமாகும். ஆனால் எல்லாவற்றிலும் ஆகாது. எதில் ஆகும், எதில் ஆகாது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் உடம்புதான் தேயும்.

கேள்வியில் ஒரு சம்பளம், கைக்குழந்தை என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். வாடகை வீடு, மாதக் கடைசி வாரம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீடும் அப்படித்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடிப் போர்ஷன். என் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். மகளுக்கு இரண்டு வயது. நான் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறேன்.

எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "உங்கள் நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று விலை போட்டுப் பாருங்கள், பாக்கெட் மாவு வாங்குவதுதான் லாபம்" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்ததால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை யார் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறார்கள்? வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்தில் துணி குவிந்து கிடந்தால் நாங்களும் பாக்கெட் மாவுதான் வாங்குகிறோம். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஒரு ஜாக்கெட் கூட வராது. அந்த மாதங்களில் என் மதிய நேரத்துக்கு விலை என்ன? நேரத்துக்கு விலை போடுவது நல்ல கணக்குத்தான். வேலை கையில் இருக்கும் நாளுக்கு அதைப் போடுங்கள், இல்லாத நாளுக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பெண்களை அடுப்படிக்குள் தள்ளப் பார்க்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். எங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது என் கணவர்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுந்தால் கிரைண்டர் பக்கம் போய்விடுவார். மகளை மடியில் வைத்துக்கொண்டு மாவைத் தள்ளிவிடுவார். நான் உப்புப் போட்டுக் கரைப்பதோடு சரி. ஒரு ஆள் தலையில் எல்லாம் விழும் வீட்டில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

மாவுக் கணக்கு இதுதான். ஒரு கிலோ புழுங்கலரிசி, கால் கிலோ முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டினால் இரண்டரை கிலோவுக்குக் குறையாது. எங்கள் தெருக்கடையில் பாக்கெட் மாவு கிலோ 45 ரூபாய், ஆக 110 ரூபாய்க்கு மேல். வீட்டில் உளுந்துக்கு 35 ரூபாய். அரிசி ரேஷனில் இலவசமாக வருவது. கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு ரூபாய்க் கரண்ட் கூட ஆகாது. வாரம் ஒரு தடவை ஆட்டினால் மாதம் 300 ரூபாய் நிற்கும். அரிசியைக் கிலோ 50 ரூபாய்க்குக் கடையில் வாங்கி ஆட்டினால் ஒரு தடவைக்கு 25 ரூபாய்தான் மிஞ்சும். அதற்காகக் கஷ்டப்பட வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக, மிச்சம் பிடிப்பது கிரைண்டர் இல்லை, ரேஷன் அட்டை. ரேஷன் அரிசியைக் கேவலமாகப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. புடைத்து, நாலைந்து தண்ணீரில் கழுவி, ஐந்து மணி நேரம் ஊற வைத்தால் இட்லிக்கு அது அருமையான அரிசி. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வேறு எங்கே கிடைக்கும்? வரிசையில் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு மிச்சம் பிடிப்பது எப்படி என்று கேட்பதில் அர்த்தமில்லை. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

குழம்பு மிளகாய்த்தூளில் நீங்கள் நினைக்கிற அளவு மிச்சம் கிடையாது. அரை கிலோ மிளகாய்க்கு அரை கிலோ மல்லி, அதோடு மிளகு, சீரகம், துவரம்பருப்பு, விரலி மஞ்சள் எல்லாம் வாங்கி, காய வைத்து, மில்லில் அரைத்துவரும் கூலியையும் சேர்த்தால் பாக்கெட்டை விட 200 ரூபாய் போலக் குறையும். அந்தத் தூள் எங்களுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும். அப்படியானால் மாதம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அரைப்பது நிறத்துக்காகவும் வாசனைக்காகவும்தான். மாசி, பங்குனியில் புது மிளகாய் வரும்போது வாங்கினால் நன்றாக இருக்கும்.

பெரிய மிச்சம் குழந்தைச் சாப்பாட்டில்தான். 300 கிராம் டப்பா 300 ரூபாய்க்குப் பக்கத்தில் விற்கிறது. ஒரு கிலோ கேழ்வரகு 60 ரூபாய்க்குள் வந்துவிடும். ராத்திரி ஊற வைத்து, வடித்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, தேன் சேர்க்க வேண்டாம் என்று எங்கள் பகுதி நர்ஸ் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தேன். நான் டாக்டர் இல்லை, நீங்களும் கேட்டுக்கொண்டு கொடுங்கள். அப்புறம் அங்கன்வாடியில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் சத்துமாவு இலவசமாகத் தருகிறார்கள். பலர் அதை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள். பார்த்தாலே வயிறு எரிகிறது. அதில் வெல்லம் சேர்த்தே வருவதால் மகளுக்கு ஒரு வயதுக்கு மேல்தான் கொடுத்தேன், அது என் முடிவு. அதுவரை கொழுக்கட்டை பிடித்து நான் சாப்பிட்டேன்.

டயப்பரும் அப்படித்தான். மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்ததுதான் என் மகளுக்கு வீட்டில். வெளியூர் போனால் மட்டும் டயப்பர்.

இப்போது வடகம், அதாவது குழம்பு தாளிக்கக் காய வைத்து எடுக்கும் வெங்காய உருண்டை. இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடலூர், பாண்டிச்சேரிக்காரர்களிடம் சிக்கனம் பற்றிக் கேட்டுவிட்டு வடகத்தைத் தவிர்க்க முடியாது.

சித்திரை, வைகாசியில் சின்ன வெங்காயம் விலை இறங்கும்போது ஐந்து கிலோ வாங்குவோம். அத்தைதான் அளவு சொல்வார். அரை கிலோ பூண்டு, கால் கிலோ உடைத்த கறுப்பு உளுந்து, கடுகும் சீரகமும் நூறு நூறு கிராம், வெந்தயம் ஐம்பது, கறிவேப்பிலை இரண்டு கை, மஞ்சள்தூள், கல்லுப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், மிக்ஸியில் கூழாக்கிவிட்டால் போச்சு. எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தால் காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வெங்காயத்தைப் பிழிந்து வெயிலில் பரப்பிவிட்டு, தண்ணீரைப் பாத்திரத்தோடு அதே வெயிலில் வைக்க வேண்டும். சாயங்காலம் மறுபடியும் அதிலேயே போட்டுப் புரட்டி மூட வேண்டும். தண்ணீர் முழுக்க வற்றின பிறகு கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிக்க வேண்டும். அப்போதும் வேலை முடியாது. தினமும் சாயங்காலம் உருண்டையை உடைத்துத் திரும்பப் பிடிக்காவிட்டால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடித்துவிடும். நாளாக ஆக உருண்டை சுருங்கி, கறுத்து, தட்டினால் டக்கென்று சத்தம் வரும் அளவுக்கு இறுகும். விளக்கெண்ணெய் வாடை போய் வேறு ஒரு வாசனை வரும். அந்தப் பதம் வந்தால் ஜாடியில் போட்டுவிடலாம், வருடம் தாங்கும்.

இதில் மிச்சம் எங்கே என்றால், வெங்காயம், பூண்டு, தாளிப்புச் சாமான் மொத்தமும் அந்த உருண்டைக்குள் இருக்கிறது. கொஞ்சம் கிள்ளி எண்ணெயில் போட்டால் குழம்புக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. வெங்காயம் கிலோ நூறைத் தாண்டும் மாதங்களில் நான் கடைப்பக்கம் பார்ப்பதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாத தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும். அப்போது கருவாடும் முருங்கைக்காயும் போட்டு வடகம் தாளித்த குழம்புதான் எங்களுக்கு. மற்ற மாதங்களில் அவர் நைட் ஷிப்ட் முடிந்து முதுநகர் வழியாக வரும்போது துறைமுகத்தில் கவளையோ மத்தியோ எது மலிவோ அதை வாங்கி வருவார். அதற்கும் வடகம்தான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அதையடுத்து சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது நாணமேடு, உச்சிமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் தெருவில் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் கடையில் பாலும் இல்லை, காய்கறியும் இல்லை. மகள் அப்போது கைக்குழந்தை. அவளுக்குக் கேழ்வரகு மாவு டப்பாவில் இருந்தது. எங்களுக்குப் புளியும் வடகமும் மணத்தக்காளி வத்தலும் இருந்தன. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்கும் சேர்த்துத்தான் குழம்பு வைத்தேன்.

அது முடிந்த கையோடு அவர் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களைக் குறைத்தார்கள். பொங்கல் கழிந்து பங்குனி வரை சம்பளம் இல்லை. கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் அவர் போனார், நான் தைத்தேன். வாடகை கொடுத்தோம், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டோம், மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. தெரிந்த பல பேர் அந்த நேரத்தில் நகையை அடகு வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் நிலைமை அவரவருக்கு. என் தாலிச் சங்கிலி கழுத்தை விட்டு இறங்கவில்லை. அதற்கு முந்தின கோடையில் உட்கார்ந்து காய வைத்ததும் அரைத்ததும்தான் காரணம் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் எல்லோர் எதிரிலும் என்னைக் "கஞ்சம்" என்றார். கஞ்சம் என்றால் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காதவர். நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

இதையெல்லாம் செய்து மிச்சம் பிடிப்பது யாரிடம் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறைந்தது 100 யூனிட் இலவசம். எங்களுக்குத் தனி இணைப்பு கிடையாது. வீட்டு ஓனர் உள்ளே ஒரு மீட்டரைப் பொருத்தி, முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். மாவை வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். அது ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலே மாதம் 270 ரூபாய். சொந்த இணைப்பு இருந்தால் அந்த ஃப்ரிட்ஜ் இலவச யூனிட்டிலேயே ஓடிவிடும். மாவில் நான் பிடித்த 300-ல் பெரும்பகுதி அதிலேயே போகிறது. கேட்டால் "பிடிக்கவில்லையென்றால் காலி பண்ணுங்கள்" என்கிறார். ஊரில் பாதி வாடகைக் குடும்பங்களின் கதை இதுதான், இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஏழைக்கென்று கொடுக்கும் சலுகை நடுவிலேயே நின்றுவிடுகிறது. தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்கும் முன் கரண்ட் கணக்கைக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பளம், பிரெட், பனீர், ஜாம், சோப்பு. வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். பாலும் கேஸும் போகும் கணக்கைப் போட்டால் கடையில் வாங்குவதே மேல். வெண்ணெய் உருக்கி நெய் எடுப்பது உங்கள் விருப்பம், அதில் பெரிய லாபம் இல்லை.

முதல் மாதம் மாவும் குழந்தைக் கஞ்சியும் மட்டும் செய்து பாருங்கள். அது பழகின பிறகு மிளகாய்த்தூள். வடகம் போட ஆசையிருந்தால் சித்திரைக்கு முன்பே மொட்டை மாடிச் சாவியைப் பற்றி ஓனரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெங்காய வாடை பதினைந்து நாளைக்கு இருக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பேசாமல் வெங்காயம் வாங்காதீர்கள். இடித்துப் பிசைந்த ஐந்து கிலோ வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் தேடி அலைய முடியாது.