வாசகர் கேள்விகள்: அந்த நான்கு வட்டங்களை மடித்து வையுங்கள்

வாழ்க்கையை வாழத் தகுந்ததாக ஆக்குவது எதுவோ அதை ஜப்பானியர்கள் 'இகிகாய்' என்பார்கள். அதைப் பற்றி இந்த மாதம் மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள். கணவரின் பல்கலைக்கழக வேலை காரணமாக ஜப்பானின் ஒகயாமாவில் பல வருடங்கள் குடியிருந்தவள் நான் என்பது தெரிந்து எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு 29 வயது. ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலை. தோழி அழைத்தாள் என்று பணம் கட்டி இகிகாய் பயிற்சி வகுப்புக்குப் போனேன். எனக்குப் பிடித்தது, எனக்கு வருவது, உலகத்துக்குத் தேவைப்படுவது, சம்பளம் கிடைப்பது என்று நான்கு வட்டம் போடச் சொன்னார்கள். நான்கும் சந்திக்கும் இடம்தான் உன் இகிகாய் என்றார்கள். எல்லோரும் நடுவில் ஏதோ எழுதினார்கள். என் தாளில் நடு இடம் காலி. அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பவே மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிக்குத் தலை வாரிவிட்டு வார இதழ் படித்துக் காட்டுவேன். அதைத் தவிர வாரத்தில் சொல்லிக்கொள்ள எனக்கு எதுவும் இல்லை. என் வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்: என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. நான்கு வட்டப் படம் ஜப்பானில் பிறந்தது இல்லை. ஆந்த்ரேஸ் சுசுநாகா என்ற ஸ்பானிய ஜோதிடர் வரைந்தது அது. அவர் நடுவில் எழுதியிருந்தது 'நோக்கம்' என்று. 2014இல் மார்க் வின் என்பவர் அந்த இடத்தில் 'இகிகாய்' என்று மாற்றி இணையத்தில் போட்டார். அதுதான் உலகம் சுற்றி உன் பயிற்சி வகுப்புக்கும் வந்து சேர்ந்தது. ஒகயாமாவில் என் எதிர்வீட்டுப் பாட்டி தினமும் காலையில் மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைப்பார். எந்தப் பிள்ளை அழுதுகொண்டு வருகிறது, எது ஷூ லேஸ் கட்டாமல் ஓடி வருகிறது என்று பார்த்து வைத்திருப்பார். அதற்கு ஒரு யென் கிடையாது. நாள் பூராவும் அந்த அரை மணி நேரத்தைச் சுற்றித்தான் அவர் வீடு நடக்கும். முந்தின இரவே கொடியும் தொப்பியும் வாசல் பக்கம் வந்துவிடும். உன் படத்தின்படி சம்பள வட்டம் காலி, ஆகவே அவருக்கு இகிகாய் இல்லை. இதை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

இகிகாய் பற்றி ஆழமாக எழுதியவர் ஒரு மனநல மருத்துவர், மியெகோ கமியா. 1966இல் வந்தது அவருடைய புத்தகம். அவர் அந்தக் கேள்வியை எங்கே போய்க் கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொழில் வெற்றி பெற்றவர்களிடம் கேட்கவில்லை. ஒகயாமா மாநிலத்தில், உள்நாட்டுக் கடலில், நாகஷிமா என்று ஒரு தீவு. 1930இல் அங்கே அரசாங்கம் தன் முதல் தேசியத் தொழுநோய் விடுதியைத் திறந்தது. கொண்டுவரப்பட்டவர்களைக் கிருமிநாசினித் தொட்டியில் குளிப்பாட்டினார்கள். கையிலிருந்த பணத்தை வாங்கிக்கொண்டு தீவுக்குள் மட்டும் செல்லும் காசைக் கொடுத்தார்கள். ஊரில் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பலர் தங்கள் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். பிள்ளை பெறவும் வழியில்லை. மருந்து வந்து நோய் குணமான பிறகும் பிரித்து வைக்கும் சட்டம் 1996 வரை நீடித்தது. கரைக்கும் தீவுக்கும் நடுவே இருப்பது ஒடுக்கமான நீர்ப்பரப்புதான். அதற்குப் பாலம் வர 1988 ஆனது. பழைய நிர்வாகக் கட்டடம் இப்போது வரலாற்றுக்கூடம். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அந்தத் தீவுக் காசைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

சம்பளம், வேலை, உலகத்தின் தேவை எல்லாவற்றையும் பறிகொடுத்த மனிதர்களிடம்தான் கமியா வாழ்க்கையின் அர்த்தத்தைக் கேட்டார். நோய் லேசாக இருந்து, சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் குறையில்லாத பலர், நாட்கள் வெறுமையாகப் போகின்றன என்றார்கள். கண்ணும் கையும் போன சிலரோ, வாழ்வதில் இப்போதுதான் ருசி தெரிகிறது என்றார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர் புத்தகம் முழுக்க. நாம் எதற்காக வாழ்கிறோமோ அது ஒன்று, வாழத் தகுந்தது என்று உள்ளே தோன்றும் உணர்வு வேறொன்று என்று அவர் பிரித்துப் பார்க்கிறார். அந்த உணர்வு இருக்கிறதா என்பது சாதாரண நாளிலேயே தெரியும். உன் பயிற்சி வகுப்பு முதலாவதை மட்டும் கேட்டது.

அதே தீவில் கோன்டோ கோயிச்சி என்று ஒருவர் இருந்தார். பார்வை போய்விட்டது. விரல்களில் உணர்ச்சி இல்லாததால் பிரெய்ல் புள்ளிகளைத் தடவிப் படிக்கவும் முடியாது. உதட்டாலும் நாக்கு நுனியாலும் படிக்கப் பழகினார். நாக்கு கிழிந்து தாளில் ரத்தம் படியும். எதற்காக இவ்வளவு? பிரெய்லில் இசைக்குறிப்பு படிப்பதற்காக. 1953இல் பார்வையற்ற நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு நீலப் பறவை என்ற ஹார்மோனிகா குழு ஆரம்பித்தார். பிற்பாடு தீவுக்கு வெளியிலும் போய்க் கச்சேரி செய்தார்கள். ஹார்மோனிகாவால் அவருக்கு எந்தப் பதவியும் வரப்போவதில்லை. அடுத்த ஒத்திகைக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கமியாவின் சொந்தக் கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 29 வயதில் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறாய். ஆர்கன் வாசிக்கப் போன ஒரு தொழுநோய் விடுதியில்தான், 19 வயதில், இவர்களுக்கு மருத்துவம் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் சம்மதிக்கவில்லை. நடுவில் அவருக்கே காசநோய். மருத்துவ மாணவியாக நாகஷிமாவுக்கு முதல் முறை போனது 1943இல், உன் வயதில். ஆனாலும் அங்கேயே தங்கிவிட முடியவில்லை. போர், திருமணம், இரண்டு பிள்ளைகள். வீட்டுச் செலவுக்கு மொழி வகுப்பு எடுத்தார். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். மறுபடி தீவுக்குப் போய் வேலையைத் தொடங்க 1957 ஆகிவிட்டது, அப்போது 43 வயது. தினமும் இல்லை, ரயிலும் பேருந்தும் படகுமாகப் பல மணி நேரம் பயணம் செய்து அவ்வப்போது போய் வந்தார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். அதில் நான் அடிக்கோடு போட்டது கடைசியில் நீ போகிற போக்கில் எழுதிய வரியை. ஞாயிறு காலை, பாட்டி, சீப்பு, வார இதழ். 'சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை' என்கிறாயே, நீ வரும் சத்தத்துக்கு ஒரு கிழவி காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், அது எதுவும் இல்லையா? இதை விட்டுவிட்டு வேறு எங்கே தேடப் போகிறாய்? சம்பள வேலை சம்பளத்துக்காகவே இருக்கட்டும், அதில் குற்றமில்லை. அந்த அலுவலகத்தில் மரியாதை இல்லை, தூக்கம் கெடுகிறது என்றால் வேறு அலுவலகம் பார். அது தனிப் பிரச்சினை, அதை இதோடு முடிச்சுப் போடாதே. ஆனால் பாட்டியிடம் கூடப் போகப் பிடிக்காமல், சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால் தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. அதற்கு எந்தப் புத்தகமும் மாற்று இல்லை.

கேள்வி: மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவில் யாரும் ரிட்டயர் ஆவதே இல்லை என்று மகன் ஒரு வீடியோ அனுப்பினான். எனக்குப் பகல் நகரவே மாட்டேன் என்கிறது. இந்த வயதில் இகிகாய் கிடைக்குமா?
(வாசகர், திருச்சி)

பதில்: ஐயா, ஜப்பானிலும் வேலையை விட்ட மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவர்கள் ஏராளம், முக்கியமாக ஆண்கள். அதனால்தான் 1970களில் டோக்கியோவில் தொடங்கி நாடு முழுக்க முதியோருக்கான வேலை மையங்கள் வந்தன. 60 தாண்டியவர்கள் உறுப்பினராகலாம். தோட்டத்து மரம் வெட்டிச் சீராக்குவது, சைக்கிள் நிறுத்துமிடம் பார்ப்பது, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய அந்த ஊர் வீட்டுக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது, இப்படி வாரத்தில் சில நாள் வேலை. கையில் கொஞ்சம் காசு. எங்கள் வீட்டுக்குக் காகிதம் ஒட்ட வந்த பெரியவர் பழைய காகிதத்தை ஈரத்துணியால் ஊறவைத்துக் கிழியாமல் உரித்ததை நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று பார்த்தேன். முடிந்ததும் மூன்று அடி தள்ளி நின்று தானும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஒகினாவாவில் பார்க்க வேண்டியது 'மோஆய்'. நம் ஊர்ச் சீட்டு மாதிரி, ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு முறை வைத்து எடுத்துக்கொள்ளும் நண்பர் குழு. பணம் சின்னதுதான், மாதா மாதம் கூடிப் பேசுவதற்கு அது ஒரு காரணம். உங்களுக்குத் தெரிந்த தொழில் ஊருக்கே வேண்டிய தொழில். தெருவில் எந்த வீட்டில் எர்த் சரியில்லை, யார் வீட்டு மோட்டார் அடிக்கடி எரிகிறது என்று பார்த்துச் சொல்ல உங்களைவிட யார் இருக்கிறார்கள்? தெருவில் வயர் வேலை பழகும் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கம்பத்தில் மட்டும் நீங்கள் ஏற வேண்டாம்.

கேள்வி: இகிகாய் இருந்தால் ஆயுள் கூடும் என்பது உண்மையா?
(வாசகர், பெங்களூரு)

பதில்: ஜப்பானின் மியாகி மாநிலத்தில், ஒசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரை உள்ள 43,391 பேரிடம் 'உங்களுக்கு இகிகாய் இருக்கிறதா?' என்று கேட்டு ஏழு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2008இல் வெளிவந்தது. இல்லை என்றவர்கள் இறக்கும் அபாயம், உண்டு என்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. இதய, ரத்தக்குழாய் நோய்களில் வித்தியாசம் தெரிந்தது, புற்றுநோயில் தெரியவில்லை. இல்லை என்றவர்களில் வேலையில்லாதவர்களும் உடல்நிலை சரியில்லாதவர்களும் அதிகம். அதையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. இருந்தாலும் எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ. இகிகாய் டெஸ்ட் எடுத்து அதன்படி காலேஜில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?
(வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா. கல்லூரியை மார்க், கட்டணம், அவன் விருப்பம் பார்த்து முடிவு செய்யுங்கள், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வையுங்கள். பரீட்சை நெருங்குகிறது என்று அவன் சாயங்கால ஃபுட்பாலை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.