ரோயிங் மெஷின் காட்டுற நம்பரை நம்பலாமா? இந்த மாசக் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ரோயிங் மெஷின் பத்தித்தான். மழையும் பனியும் மாறி மாறி வர்ற நம்ம மலையகத்துல ரோட்டுல ஓட முடியாதவங்களுக்கு, வீட்டுக்குள்ள உக்காந்து துடுப்பு இழுக்கிற இந்தப் பயிற்சி உண்மையிலேயே நல்ல விஷயம். அதனால இந்தத் தடவை முழுசா அதுக்கே விட்டுட்டேன். கடிதங்களச் சுருக்கியிருக்கேன், பேர் போடல.

கேள்வி: அக்கா, பேஸ்புக்ல பார்த்து 38,000 ரூபாக்கு ரெண்டு பக்கமும் பிஸ்டன் வச்ச மெஷின் வாங்கினேன். மொத நாள் 2000 மீட்டருக்கு 9 நிமிஷம் 40 செக்கன். மூணு வாரத்துல 6:10க்கு வந்துட்டேன். அடுத்து 6 நிமிஷத்துக்குள்ள வரணும்னு இலக்கு வச்சிருக்கேன். என்ன செய்யணும்? (ஆசிரியை, ஹட்டன்)

பதில்: தங்கச்சி, மனசு கஷ்டப்படும், ஆனாலும் நான் சொல்லியாகணும். 2021ல அமெரிக்காவோட புரூக் மூனி பெண்களுக்கான உலக சாதனையா இழுத்த 2000 மீட்டர் 6:21.1. உங்க மெஷின் உங்கள அவங்களுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துது. தப்பு உங்க மேல இல்ல, மெஷின் மேலதான்.

பிஸ்டனுக்குள்ள எண்ணெய் இருக்கு. பத்து நிமிஷம் இழுத்தா அது சூடாகி இளகிடும், இழுவை லேசாகும். அதாவது நீங்க களைச்சுப்போற நேரம் பார்த்து மெஷினும் இலகுவாகுது. அந்தச் சின்ன மொனிட்டர் பெரும்பாலும் நீங்க எத்தன தடவை இழுத்தீங்கன்னு மட்டும்தான் எண்ணும், ஒரு இழுவைக்கு இத்தன மீட்டர்னு கொம்பனி முன்கூட்டியே போட்டு வச்ச கணக்கால அதப் பெருக்கிக் காட்டும். அரை இழுவையா வேகமா இழுத்தாலும் அதே மீட்டர்தான் ஏறும். அப்போ மூணு வாரத்துல நீங்க பழகினது அநேகமா குட்டை குட்டையா இழுக்கிறதத்தான்.

காத்துல ஓடுற மெஷின், கொன்செப்ட்டூ கொம்பனியோடது மாதிரி, எப்படிக் கணக்குப் பாக்குதுன்னு தெரிஞ்சா வித்தியாசம் புரியும். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு நீங்க முன்னுக்கு வர்ற நேரத்துல விசிறிச் சக்கரம் எவ்வளவு வேகமாத் தணியுதுன்னு அது அளக்குது, அதுல இருந்து அந்த நேரத்து இழுவைக் கனம் தெரியுது, அதுக்குப் பேர்தான் டிராக் ஃபெக்டர், அத வச்சு நீங்க செஞ்ச வேலைய வொட்ல கணக்குப் போட்டுத்தான் மீட்டரா மாத்துது. அதனாலதான் ஹட்டன்ல இழுத்த 9:40ஐயும் லண்டன்ல இழுத்த 9:40ஐயும் பக்கத்துல பக்கத்துல வைக்க முடியுது.

எனக்கு ஆத்திரம் வர்றது இந்த இடத்துலதான். கடைக்காரங்க "16 லெவல்", "டிஜிட்டல் மீட்டர்", "கலோரி காட்டும்"னு எழுதி ஒட்டுறாங்க, அந்த மீட்டர் எதுல இருந்து வருதுன்னு ஒருத்தரும் சொல்றதில்ல, கேட்டா அவங்களுக்கே தெரியல. தராசுல கல்லு குறைஞ்சா சண்டை போடுறோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஒரு கிலோ குறைச்சுப் போட்டா நம்ம அம்மாமாரு எத்தன வருஷமா கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா உடம்ப வருத்தி மாசக்கணக்கா இழுக்கிற உழைப்ப அளக்கிற மெஷின் பொய் சொன்னா மட்டும் ஏன் சும்மா இருக்கணும்? 2019ல கண்டியில ஒரு கடையில இதே "16 லெவல்" போர்டப் பார்த்து தவணைக்கு ஒரு மெக்னட் மெஷின், அதாவது காந்தத்தால இழுவையக் கூட்டிக் குறைக்கிற மெஷின், வாங்கினேன். 14 மாசம் கட்டினேன். லெவல் 3லயும் 12லயும் ஒரே வேகத்துல இழுத்தா ஒரே மீட்டர்தான் காட்டும்னு கட்டி முடிக்கிறதுக்குள்ளேயே கண்டுபிடிச்சிட்டேன். ஒரு கொப்பி நிறைய நான் எழுதி வச்சிருந்த என் ரெக்கோர்ட் எல்லாம் அர்த்தமில்லாமப் போச்சு. அந்தக் கொப்பிய இன்னும் வச்சிருக்கேன்.

உங்க மெஷினத் தூக்கிப் போட வேணாம், மீட்டர மட்டும் மறந்துடுங்க. நிறுத்தாம 20 நிமிஷம், நிமிஷத்துக்கு 24 முழு நீள இழுவை, முடிச்சு ஒரு நிமிஷம் கழிச்சு நாடி எத்தனன்னு எண்ணி எழுதுங்க. ஆறு வாரத்துல அந்த நாடி குறைஞ்சிருந்தா அது நிஜமான முன்னேற்றம்.

கேள்வி: டேம்பர, அதான் விசிறிக்குள்ள போற காத்தக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல, 10ல வச்சு இழுத்தா ரெக்கோர்ட் சீக்கிரம் ஒடையுமா? (பதுளை)

பதில்: ஒடையாது. உங்க இடுப்புதான் ஒடையும்.

கேள்வி: நான் வேலை செய்யிற ஹோட்டல் ஜிம்ல கொன்செப்ட்டூ இருக்கு. கொழும்புல தம்பியோட ஜிம்ல டேம்பர் 5ல 2000 மீட்டர் 8:10 இழுத்தேன். இங்க அதே 5ல இழுவை லேசா இருக்கு, நேரமும் 8:30க்குக் கீழ போகல. ரிப்பேர் பாக்க வந்தவர் மெஷின கெலிபிரேட் பண்ணணும், 25,000 ஆகும்ங்கிறார். மெனேஜர்கிட்ட சொல்லவா? (நுவரெலியா)

பதில்: சொல்லுங்க, காசு குடுக்க வேணாம்னு சொல்லுங்க. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உசரத்துல இருக்கு. காத்தழுத்தம் கொழும்ப விட ஏறக்குறைய ஐஞ்சுல ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளுறதுக்குக் காத்து கொஞ்சமா இருக்கு, அதனால அதே 5ல இழுவை லேசாத்தான் இருக்கும். இதுக்கு கெலிபிரேஷன் தேவையே இல்ல, மேல சொன்ன மாதிரி மொனிட்டர் ஒவ்வொரு இழுவையிலயும் தானே அளந்துக்குது.

மொனிட்டர்ல மோர் ஒப்ஷன்ஸ் போய் டிஸ்பிளே டிராக் ஃபெக்டர் அழுத்தி நாலஞ்சு தடவை இழுங்க. கொழும்புல வந்த அதே எண் வர்ற வரைக்கும் டேம்பர ஏத்துங்க. சாதாரண ஆளுக்கு 110ல இருந்து 130க்குள்ள எங்கேயாவது இருந்தாப் போதும். ஏத்தியும் எண் வரலன்னா விசிறிக் கூட்டுக்குள்ள தூசி அடைச்சிருக்கும், வெகுவம் போட்டு உறிஞ்சச் சொல்லுங்க. அவ்வளவுதான் சர்வீஸ்.

அந்த 20 செக்கன் வித்தியாசம் மெஷின்ல இல்ல, உங்க நுரையீரல்ல. காத்து மெல்லிசானா ஒட்சிசன் குறைவு, எட்டு நிமிஷம் நீடிக்கிற முயற்சியில அது நல்லாவே தெரியும். ரெண்டு ரெக்கோர்ட் வச்சுக்கங்க, ஒண்ணு மேல இழுத்தது, ஒண்ணு கீழ இழுத்தது. மேல இழுத்தது மேல இழுத்ததோடதான் போட்டி போடணும்.

கேள்வி: சீட்டுல உக்காந்தா வலிக்குது. ஜெல் சீட் கவர் வாங்கவா?

பதில்: மொதல்ல ஒரு துவாய மடிச்சுப் போட்டுப் பாருங்க.

கேள்வி: நான் 6 அடி 1. ஒன்லைன்ல 12 மாசத் தவணைக்கு மெக்னட் மெஷின் எடுத்தேன். கால முழுசா நீட்டவே சீட் ஓடுற தண்டவாளம் காணாது. கடைல திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க. சட்டத்துல என்ன இருக்கு? (கம்பளை)

பதில்: தம்பி, தண்டவாளத்தோட நீளம் விளம்பரத்துல போட்டிருந்ததுன்னு நீங்களே முழுக் கடிதத்துல எழுதியிருக்கீங்க. செருப்பு வாங்கினாலும் காலுல போட்டுப் பாக்கிறோம், பன்னெண்டு மாசம் கட்டப்போற பொருள உக்காந்து பாக்காம, அளவு நாடாவால அளக்காம எப்படி எடுத்தீங்க? பொருள்ல பழுது இல்ல, கடைக்காரர் பொய் சொல்லவும் இல்ல. உங்க வீட்டுல யாராவது குள்ளமானவங்க இருந்தா அவங்களுக்குக் குடுங்க, இல்லன்னா வித்துடுங்க. விக்கும்போது அந்த நீளத்த மறக்காம எழுதுங்க, அடுத்தவரும் மாட்டிக்க வேணாம்.

கேள்வி: மகன் கெம்பஸ் ரோயிங் டீம்ல இருக்கான். லீவுக்கு வரும்போது பயிற்சி விட்டுப்போகக் கூடாதுன்னு என்னோட ஈ.பி.எஃப் காசுல 185,000 குடுத்து செகண்ட் ஹேண்ட் கொன்செப்ட்டூன்னு ஒரு கடைல ஒன்லைன்ல வாங்கினேன். லொறில வந்தது ஏதோ மெக்னட் மெஷின், மேல ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கு. கேட்டா எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லி போன வச்சிட்டாங்க. ஏழு வாரம் ஆச்சு. மகன்கிட்ட இன்னும் சொல்லல, அவன் ஏப்ரல்ல வர்றான். (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா)

பதில்: ஐயா, உங்க கடிதத்த ரெண்டு தடவை வாசிச்சேன். முப்பது நாப்பது வருஷம் மலையில ஏறி இறங்கிச் சேர்த்த காசு. நீங்க ஏமாந்துட்டீங்கன்னு வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, வெக்கப்பட வேண்டியவன் ஸ்டிக்கர் ஒட்டினவன். மகன்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க, போன்லயும் எழுத்து வேலையிலயும் அவன் உதவி உங்களுக்கு வேணும்.

இன்னும் நேரம் இருக்கு, ஆனா நிறைய இல்ல. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துப்படி, பொருள் வித்து மூணு மாசத்துக்குள்ள எழுத்து மூலம் முறைப்பாடு குடுக்கணும். உங்களுக்கு அஞ்சாறு வாரம்தான் மிச்சம். அதே சட்டத்துல 30, 31ஆம் பிரிவுகள் வியாபாரி வாங்கிறவர ஏமாத்துற மாதிரி நடக்கிறதையும், பொருளப் பத்திப் பொய் சொல்றதையும் தடை செய்யுது. அது போக, 1896லயே வந்த பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்துலயும் இருக்கு, விவரிச்சு வித்தா குடுக்கிற பொருள் அந்த விவரத்தோட ஒத்துப்போகணும். அந்த அதிகார சபையோட 1977ங்கிற நம்பருக்கு போன் பண்ணி எங்க குடுக்கணும்னு கேட்டுக்கங்க, ஆனா போன் பேசினதோட நின்னுடாதீங்க, கடிதம் பதிவுத் தபால்ல போகணும்.

கூட வைக்க வேண்டியது: விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷொட், காசு போட்ட பேங்க் சிட்டை, வட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காம, ஸ்டிக்கரையும் அதுக்குக் கீழ இருக்கிற நிஜப் பேரையும் காட்டுற படம். மெஷின யாருக்கும் குடுக்காதீங்க, பாவிக்கவும் வேணாம். பொலிஸ்லயும் ஒரு முறைப்பாடு போட்டு அந்த இலக்கத்த வாங்கிக்கங்க. தமிழ்ல எழுத உங்களுக்கு உரிமை இருக்கு, சிங்களத்துல எழுதிட்டு வாங்கன்னு யாராவது திருப்பி அனுப்பினா எனக்குச் சொல்லுங்க.

மத்தவங்களுக்கும் சேர்த்து: செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா காசு போடுறதுக்கு முன்னால நேர்ல பாருங்க. நிஜ மெஷின் கிட்டத்தட்ட 8 அடி நீளம், சுமார் 26 கிலோ, நடுவுல ரெண்டாப் பிரிச்சு எடுக்கலாம். சங்கிலி துருப்பிடிக்காம வழுவழுன்னு வரணும், விட்டா கைப்பிடி தானே உள்ள போகணும், சீட் தடங்கலில்லாம உருளணும், சீரியல் இலக்கம் மெஷின் உடம்புல இருக்கணும்.

கேள்வி: வயசு 43, தோட்டத்து ஒபிஸ்ல கிளார்க். 2000 மீட்டர் 9:20. ஒரு மாசத்துல 8:30 இலக்கு. கையுறை, நெஞ்சுல கட்டுற ஹார்ட் பெல்ட், மாசக் கட்டண எப், புரோட்டீன் மா, இதுல எத மொதல்ல வாங்க? (தலவாக்கலை)

பதில்: எதையும் வாங்காதீங்க. இலக்க மாத்துங்க.

கணக்கப் பாருங்க. 9:20ன்னா 500 மீட்டருக்கு 2:20, அது சுமார் 128 வொட். 8:30ன்னா 500க்கு 2:07.5, அது சுமார் 169 வொட். நேரத்துல பத்துல ஒரு பங்கு கூடக் குறையல, ஆனா சக்தி மூணுல ஒரு பங்கு கூடணும், ஏன்னா வேகம் கூடக் கூட தேவைப்படுற சக்தி அதோட மூணாம் அடுக்குல ஏறும். ஒரு மாசத்துல அது நடக்காது, நடக்கலன்னதும் நீங்க மெஷின விட்டுடுவீங்க. எத்தனையோ பேர் வீட்டுல துணி காயப்போடுற மெஷின் எல்லாம் அப்படித்தான் ஆச்சு. 9:10க்கு வாங்க. அது சுமார் 135 வொட், எட்டு வொட் கூட இல்ல. அது கைக்கு எட்டும்.

வாரத்துல மூணு நாள் 30 நிமிஷம், நிமிஷத்துக்கு 18லிருந்து 20 இழுவை, பக்கத்துல இருக்கிறவரோட பேசக்கூடிய அளவு மெதுவா. ஒரு நாள் மட்டும் 500 மீட்டர் நாலு தடவை, நடுவுல ரெண்டு நிமிஷம் ஆறி, 2:15 வேகத்துல. ஆறு வாரம் கழிச்சுச் சோதனை. சோதனை நாள்ல மொத 500ஐ 2:05ல பறந்துட்டு மூணாவது 500ல சாகாதீங்க, 2:18ல தொடங்கி கடைசி 300ல இருக்கிறத எல்லாம் குடுங்க. ஒடைச்சதும் அடுத்தது 9:00. எனக்கு 10 நிமிஷத்துல இருந்து 9:12க்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த ஒவ்வொரு செக்கனும் எனக்கு ஞாபகம் இருக்கு.

கையுறை வேணாம், கொப்புளம் வர்றது இறுக்கிப் பிடிக்கிறதால, விரல கொக்கி மாதிரி மட்டும் மாட்டுங்க. ஹார்ட் பெல்ட் பிறகு வாங்கலாம். கொன்செப்ட்டூவோட ஏர்க்டேட்டா எப்பும் ஒன்லைன் லொக்புக்கும் இலவசம், கட்டண எப்புக்கு ஏன் போறீங்க? புரோட்டீன் மாவுக்குக் குடுக்கிற காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்குங்க. நான் அந்த மாவுல ரெண்டு பெரிய டப்பா வாங்கி பாதில வயிறு ஒத்துக்காம வீணாக்கியிருக்கேன்.

கேள்வி: பனிக்காலத்துல சங்கிலி துருப்பிடிக்குது. ஸ்பிரே அடிச்சா சரியா? (ஹப்புத்தளை)

பதில்: துரு நீக்கிற ஸ்பிரே வேணாம், அது இருக்கிற எண்ணெயையும் கழுவிடும். துணில தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைங்க, 50 மணித்தியாலப் பாவனைக்கு ஒருக்கா, நம்ம ஈரத்துக்கு அத விட அடிக்கடி. சீட் ஓடுற தண்டவாளத்த ஒவ்வொரு நாளும்.

கேள்வி: எங்களுக்கு லயத்துல 10க்கு 12 அடி அறை. நாலு பேர் இருக்கோம். காத்து மெஷின் வைக்கலாமா? விடிய பெரட்டுல வேலைக்கு நிக்கிறதுக்கு முன்னால அரை மணித்தியாலம்தான் எனக்கு நேரம். (பொகவந்தலாவை)

பதில்: வைக்கலாம், 8 அடி மெஷினப் பிரிச்சு சுவர் ஓரமா வச்சுடலாம். ஆனா காத்து மெஷின் சத்தம் போடும், விடிய அஞ்சு மணிக்கு ஒத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிற பிள்ளைங்கள நினைச்சுப் பாருங்க. உங்க தோட்டத்துல இளைஞர் கழகமோ பொது மண்டபமோ இருந்தா ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒண்ணு எடுங்க, பில்லுல எல்லார் பேரும் இருக்கட்டும், யார் எவ்வளவு போட்டாங்கன்னு ஒரு கொப்பில கையெழுத்தோட எழுதுங்க. இழுத்த நேரம் எழுத ஆளாளுக்கு வேற கொப்பி. சேர்ந்து எடுக்கிறதா முடிவானா எனக்கு எழுதுங்க, மெஷின் பார்க்கப் போற நாள்ல நானும் கூட வர்றேன்.